ரகசியக் கேள்விக்கான நட்சத்திரம்

சென்னை
17.12.2003

அக்கா,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று நம் ஊர் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. என் மேல் புகாராம். கார்த்திகை தீபத்துக்கு உங்கள் லாட்ஜில் ரூம் கேட்டு எழுதி, 'இடமில்லை' என்று நீங்கள் திருப்பியவர்களுக்கெல்லாம் லாட்ஜின் மின்னஞ்சலிலிருந்தே 'உங்களுக்கு ரூம் உறுதி' என்று நான் பதில் அனுப்பினேனாம். தீபத்தன்று ஒரு ரூமுக்கு மூன்று குடும்பம் வந்து நின்றதாம். புகார் கொடுத்தவர் உன் வீட்டுக்காரர். அதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. பலராமன் மாமாவுக்கு என்னைப் பிடிக்காது, எனக்கும் அவரைப் பிடிக்காது. கணக்கு சரி.

சாட்சிக் கையெழுத்து யாருடையது என்று கேட்டேன். "எழிலரசினு போட்டிருக்கு. உங்க அக்கா தானே சார்?" என்றார் ஏட்டு. அவருக்கே சங்கடமாக இருந்தது.

நீ படித்துப் பார்த்துத்தான் போட்டாயா?

சிங்கப்பூர் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். கடை, ஆஸ்பத்திரி, பேங்க் என்று அடுத்தவர்களுடைய கம்ப்யூட்டருக்குள் திருடன் நுழையாமல் காவல் இருக்கிற வேலை. பிப்ரவரி கடைசியில் சேர வேண்டும். பாஸ்போர்ட் விசாரணை நம் ஊர் ஸ்டேஷனுக்குத்தான் வரும். அங்கே என் பெயரில், கம்ப்யூட்டருக்குள் புகுந்தான் என்று ஒரு புகார். இதைவிடப் பொருத்தமாக யாரும் என் காலை வாரிவிட முடியாது.

புகாரை வாபஸ் வாங்கச் சொல். போன் செய்தால் மாமா எடுக்கிறார். மெயிலை யார் படிக்கிறார்கள் என்றே தெரியாது. அதனால்தான் உன் ஆபீஸ் விலாசத்துக்குத் தபால். நீயும் தபாலிலேயே எழுது.

மாறன்

*

வேங்கிக்கால்
23.12.2003

தம்பி மாறனுக்கு, அக்கா எழுதுவது.

உன் கடிதத்தை ஆபீசில் வைத்துப் பிரித்தேன். பக்கத்து சீட்டு சரோஜா அக்கா, "யாருக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டுவிட்டார். ஒன்றுமில்லை என்று ஃபைலுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

நீ அன்றைக்கு இங்கே இருந்து பார்த்திருக்க வேண்டும். ஆளாளுக்கு கையில் ஒரு பிரிண்ட் தாள். நெல்லூரிலிருந்து வந்த ஒரு குடும்பம், கைக்குழந்தையோடு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டது. ஒருத்தர் ரிசப்ஷன் கண்ணாடியை உடைத்துவிட்டார். எதிர் டீக்கடைக்காரர் ரோட்டில் நின்றுகொண்டு, "என்னா பலராமா, ஒரே ரூமை ஊருக்கெல்லாம் விக்கிறியா? எனக்கும் ஒண்ணு போடு" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். மாமா அப்படித் தலைகுனிந்து நான் பார்த்ததே இல்லை. நல்லவேளை, சக்கரபாணி எங்களிடம் மேனேஜராக இருந்த பழைய விசுவாசத்தில் அந்த பைபாஸ் லாட்ஜ் வேனைக் கொண்டுவந்து முக்கால்வாசிப் பேரை ஏற்றிக்கொண்டு போனான். மாமா அவன் கையைப் பிடித்துக் கும்பிட்டார்.

நீயும் ஐப்பசியில் வந்து பேசியது கொஞ்சமா? வேலையாட்கள் எதிரிலேயே, "ஒருநாள் மொத்தமா போகும், அப்பத்தான் உங்களுக்குப் புத்தி வரும்" என்று சொல்லிவிட்டுப் போனாய். புது பாஸ்வேர்டு போட்டதும் நீதான். உனக்கும் எங்களுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. அவர் வேறு என்ன நினைப்பார்?

இன்னொன்று. மெயிலைத் திரும்ப வாங்கிக் கொடுத்த பிரவுசிங் சென்டர்காரர் சொன்னார், யாரும் பாஸ்வேர்டை உடைக்கவில்லையாம். மறந்துபோனால் ஒரு ரகசியக் கேள்வி கேட்குமாமே, அதற்குச் சரியான பதில் சொல்லி உள்ளே போயிருக்கிறார்களாம். கேள்வி, நட்சத்திரம் என்ன. பதில், சதயம். மாமா மகம், நான் ரோகிணி. "சதயம் யாருடி உங்க வீட்டுல?" என்று மாமா என்னையே பார்த்துக் கேட்டார்.

கையெழுத்தைச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டார். போட்டேன். கோபம் தணிந்ததும் தானே சரியாகிவிடும். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

எழிலரசி

*

சென்னை
27.12.2003

அக்கா,

வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். அது போகட்டும்.

அந்த மெயிலை நான் உருவாக்கியபோது ரகசியக் கேள்விக்குப் பதிலாகக் கண்ணை மூடிக்கொண்டு கன்னாபின்னாவென்று தட்டி வைத்தேன். எனக்கே தெரியாத பதில். அந்தப் பக்கக் கதவை வேண்டுமென்றே ஆணி அடித்து மூடிவிட்டேன். போன வருஷம் ஆடியில் நீ போன் செய்தாயே, ஞாபகமிருக்கிறதா? "பாஸ்வேர்டு மறந்துட்டா என்னாடா பண்றது?" என்றாய். "மறக்காதே. அந்தக் கேள்வி பக்கம் மட்டும் போகாதே" என்றேன். போயிருக்கிறாய். ஆணியைப் பிடுங்கிவிட்டு, சதயம் என்று தாழ்ப்பாள் போட்டிருக்கிறாய். மாமாவுக்கு என் நட்சத்திரம் தெரியாது. வேறு யார் போட்டிருப்பார்கள்?

நட்சத்திரம் என்ன ரகசியமா? இருப்பதே இருபத்தேழு. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் டீ ஆறுவதற்குள் கதவு திறந்துவிடும். இங்கே அந்தச் சிரமம்கூட இல்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி நீ எனக்கு அர்ச்சனை செய்கிறாய். கிரிவலக் கூட்ட இரைச்சலில் குருக்களுக்குக் காது கேட்காதென்று, "மாறன், சதய நட்சத்திரம், கும்ப ராசி!" என்று கத்திச் சொல்கிறாய். நானே பக்கத்தில் நின்று கூச்சப்பட்டிருக்கிறேன். உலகத்தில் எந்தக் கம்பெனியும் தன் சாவியை மாதாமாதம் மைக் இல்லாமல் அறிவித்திருக்காது.

தேங்காய்த் தட்டைப் பிடித்துக்கொண்டு உன் பக்கத்தில் நிற்பது யார்? புரட்டாசி வரைக்கும் உங்கள் மேனேஜராக இருந்த சக்கரபாணி. அவன் வேலையை விட்டுப் போனதும் பாஸ்வேர்டை மாற்று என்று நான் ஓடிவந்தேனே, அதற்குத்தானே ஐப்பசியில் சண்டையே. இப்போது அவனுக்குச் சம்பளம் தருவது யார்? அந்த பைபாஸ் லாட்ஜ். அவ்வளவு பேர் தெருவில் நிற்கப் போகிறார்கள் என்று தெரியாமலா, சொல்லி வைத்த மாதிரி வேனோடு வந்தான்? மாமா கும்பிட்டாராம்! கையில் மாலை இல்லாததுதான் குறை.

மெயில் எந்த இடத்திலிருந்து திறக்கப்பட்டது என்று போலீஸ் கேட்டால் மெயில் கம்பெனி சொல்லும். ஆனால் வெளிநாட்டிலிருந்து பதில் வர மாதக்கணக்காகும். எனக்கு அவ்வளவு நாள் இல்லை.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். ஸ்டேஷனுக்குப் போ. "அந்தப் பதிலைப் போட்டது நான், என் தம்பி இல்லை" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல். அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை.

மாறன்

*

வேங்கிக்கால்
3.1.2004

தம்பி மாறனுக்கு,

ஆமாம். நான்தான் போட்டேன்.

நீ போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டு எண்ணும் எழுத்தும் குறியுமாக வாயில் நுழையாமல் இருந்தது. ஒருநாள் மறந்துபோய், ஞாபகம் வருவதற்குள் மாமா, "தம்பி பெரிய இஞ்சினியரு, அக்காவுக்கு ஒரு பூட்டு தெறக்கத் தெர்ல" என்று வேலையாட்கள் முன்னாடி சிரித்தார். அன்றைக்கே அந்த ரகசியக் கேள்வியின் பதிலை மாற்றினேன். எந்த நாளும் மறக்காத ஒரு வார்த்தை போடச் சொல்லி அதுவே கேட்டது. எனக்கு வேறு எது தோன்றும்? மாமா நட்சத்திரம்கூட ஒரு நொடி யோசித்தால்தான் வரும்.

சக்கரபாணி விஷயம் நீ எழுதிய பிறகு எனக்கும் உறைத்தது. ராத்திரிச் சமையலின்போது மாமாவிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். "என் பெரியம்மா பையனைச் சொல்றியா? உன் தம்பியைக் காப்பாத்த என் வீட்டு ஆளு மேல சேறு பூசுவியா?" என்றார். நான் அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டேன். மாமா ஏற்கெனவே லாட்ஜ்காரர்கள் சங்கத்தில் எழுந்து நின்று, மச்சான்தான் செய்தான் என்று சொல்லிவிட்டார். இப்போது அவர் பெண்டாட்டியே ஸ்டேஷனில் போய், இல்லை என்றால்? உனக்குக் கோபம் வந்தால் சென்னைக்கு பஸ் இருக்கிறது. எனக்கு எங்கே பஸ் இருக்கிறது, சொல்.

பதிலைப் போட்டது நான்தான் என்று தெரிந்தால், லாட்ஜைக் கெடுத்தது என் பிறந்த வீடு என்று சாகிற வரைக்கும் சொல்லிக் காட்டுவார்.

வேறு வழி பார்க்கிறேன். உன் பாஸ்போர்ட்டுக்கு எதுவும் ஆகாது. அதற்கு நான் ஆச்சு.

எழிலரசி

*

சென்னை
8.1.2004

அக்கா,

வேறு வழி என்று ஒன்று இல்லை. தேடாதே.

ஒப்புக்கொண்டாயே, என்னிடம் மட்டும். இன்லண்ட் லெட்டரில். இதை நான் ஸ்டேஷனில் காட்டலாம் என்று உனக்குத் தோன்றியிருக்காது. எனக்குத் தோன்றியது. எடுத்துப் பையிலும் வைத்தேன். அப்புறம் கிழித்துப் போட்டுவிட்டேன். உன் வாயால் நீ சொன்னால்தான் எனக்கு வேண்டும். கடிதத்தைக் காட்டி உன்னை மாட்டிவிட்டு வெளியே வருகிற அளவுக்கு நான் சக்கரபாணி இல்லை.

பஸ் எங்கே என்று கேட்டாய். நீ சர்க்கார் கெசட்டில் பெயர் வந்து வேலைக்குப் போனவள். மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறவள். உனக்கே பஸ் இல்லை என்றால் என்ன சொல்வது?

ஒரு வாக்கியம். போய்ச் சொல்.

மாறன்

*

வேங்கிக்கால்
19.1.2004

அன்புத் தம்பிக்கு,

முடிந்துவிட்டது! பொங்கலுக்கு நீ வராமல் வீடு வீடாகவே இல்லை. அம்மா கீழ்பென்னாத்தூரிலிருந்து கரும்பு, மஞ்சள் கொத்தெல்லாம் எடுத்துக்கொண்டு வந்தாள். உன் பங்கைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். அவளுக்கு எதுவும் தெரியாது.

காணும் பொங்கலன்று மாமா நல்ல மனநிலையில் இருந்தார். "ஏங்க, சின்னப் பையன், ஏதோ கோவத்துல பண்ணிட்டான், மன்னிப்பு கேட்டு எழுதிக் குடுத்துட்டா விட்டுடுவீங்களா?" என்றேன். "எழுதிக் குடுத்தா விட்டுட்றேன். எனக்கு மட்டும் ஆசையா?" என்றார். உன்னிடம் கேட்டால் குதிப்பாய் என்று தெரியும். அதனால் நானே எழுதினேன். கோபத்தில் தெரியாமல் செய்துவிட்டேன், இனி செய்ய மாட்டேன் என்று நாலே வரி. கையெழுத்தும் நானே போட்டேன். உன் பத்தாவது ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்தைப் போட்டவள்தானே நான். உன்னுடையது என்ன கஷ்டமா? 'ற'வுக்கு நீ போடுகிற வால்கூட அப்படியே வந்தது.

மாமா ஸ்டேஷனில் கொடுத்து வாபஸ் வாங்கிவிட்டார். குடும்பத்துக்குள் சமாதானம் ஆகிவிட்டது என்று இன்ஸ்பெக்டரும் முடித்துவிட்டார். இனி பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்தாலும் கவலை இல்லை.

சந்தோஷமாக இரு. போகும் முன்னால் ஒரு பௌர்ணமிக்கு வந்து போ.

அக்கா

*

சென்னை
23.1.2004

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வெளியே போய் நடந்தேன். திரும்பி வந்து மறுபடி படித்தேன். எழுத்து மாறவில்லை.

நீ செய்தது என்ன என்று உனக்குப் புரியவில்லை. புரியும்படி எழுதுகிறேன். அதுவரைக்கும் என்மேல் இருந்தது ஒரு புகார். பொய் என்று நான் சொல்லலாம், ஒருநாள் நிரூபிக்கலாம். இப்போது இருப்பது வாக்குமூலம். நானே எழுதியது. என் கையெழுத்து.

சிங்கப்பூர் கம்பெனியின் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. 'அனுமதியில்லாமல் யாருடைய கம்ப்யூட்டருக்குள்ளாவது நுழைந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டோ, ஒப்புக்கொண்டோ இருக்கிறீர்களா?' மற்ற வேலைக்கு இதெல்லாம் கேட்க மாட்டார்கள். இந்த வேலைக்கு இது ஒன்றைத்தான் கேட்பார்கள். ஊரார் சாவியெல்லாம் என் கையில் இருக்கப் போகிறது. 'இல்லை' என்று நான் பொய் எழுத முடியாது. 'ஆமாம்' என்று எழுதினால் வேலை இல்லை. பாஸ்போர்ட்டைக் காப்பாற்றிவிட்டாய். அதை வைத்துக்கொண்டு நான் எங்கே போவது?

சக்கரபாணி லாட்ஜ் பெயரில் எழுதினான். நீ என் பெயரில் எழுதினாய். அவனுக்காவது என்மேல் பாசம் கிடையாது.

செவ்வாய்க்கிழமை ஸ்டேஷனுக்கு வருகிறேன். இந்தக் கையெழுத்து என்னுடையது இல்லை என்று சொல்லப் போகிறேன். யாருடையது என்று கேட்பார்கள். சொல்ல மாட்டேன். பிறகு உன்னைக் கூப்பிடுவார்கள். உண்மையைச் சொன்னால் உன் சர்க்கார் வேலைக்கு ஆபத்து வரலாம். அதை யோசிக்காமல் எழுதவில்லை. அதனால் நீ என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. நீ எது சொன்னாலும் இன்னொரு தடவை மறுக்க மாட்டேன். இதற்குமேல் உன்னோடு போலீஸ் ஸ்டேஷனில் வழக்காட எனக்குத் தெம்பில்லை.

மாறன்

*

வேங்கிக்கால்
4.2.2004

தம்பிக்கு,

நீ வந்துவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பாமல் போனதாக சக்கரபாணி வந்து சொன்னான். பஸ் ஸ்டாண்டில் பார்த்தானாம். "இளைச்சிட்டான் அண்ணி" என்றான். நான் அவனுக்குக் காபி கொடுத்தேன். என்ன செய்ய?

நேற்று என்னைக் கூப்பிட்டார்கள். மாமாவும் கூடவே வந்தார். இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். உட்காரச் சொன்னார். உன் பாஸ்போர்ட் மனுவில் இருக்கிற கையெழுத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "அம்மா, நல்லா யோசிச்சு சொல்லுங்க. அவசரமில்ல. இது உங்க தம்பி போட்டதுதானா?" என்றார். மாமாவை வெளியே இருக்கச் சொல்லட்டுமா என்றுகூடக் கேட்டார்.

வேண்டாம் என்றேன்.

"அவன் போட்டதுதாங்க. கோவம் வந்தா மாத்தி மாத்திப் பேசுவான், சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்" என்றேன். எப்படி வாயில் வந்தது என்று எனக்கே தெரியவில்லை. சரளமாக வந்தது. இன்ஸ்பெக்டர் இரண்டு கையெழுத்தையும் இன்னொரு தடவை பார்த்தார். அப்புறம் ஃபைலைக் கட்டிவிட்டார்.

வழியில் மாமா எனக்குப் பூ வாங்கிக் கொடுத்தார்.

என் வேலை போனால் இந்த வீட்டில் என் பேச்சை யாரடா கேட்பார்கள்? உனக்கு இன்னும் எத்தனையோ வேலை வரும். நீ படித்தவன், ஆம்பளை. பாஸ்போர்ட் வந்துவிடும், அது போதாதா? ஒருநாள் உனக்கும் புரியும்.

இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, மாமா சொல்லச் சொன்னார். சித்திரா பௌர்ணமிக்கு இப்போதே ரூம் கேட்டு எழுத ஆரம்பித்துவிட்டார்கள். மெயிலுக்கு நல்ல பாஸ்வேர்டாகப் போட வேண்டுமாம். பிரவுசிங் சென்டர்காரரிடம் கொடுக்க பயப்படுகிறார். "வெளியாளை எப்படி நம்பறது? உன் தம்பியையே ஒரு நடை வரச் சொல்லு" என்றார். அவர் வாயாலேயே அப்படிச் சொல்லிவிட்டார் பார். நீ வந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

அக்கா

*

சென்னை
12.2.2004

அக்கா,

படிவத்தில் 'ஆமாம்' என்று எழுதி அனுப்பினேன். இரண்டு வரியில் பதில் வந்தது. நாகரிகமாக எழுதியிருந்தார்கள்.

நான் வர மாட்டேன். பாஸ்வேர்டு எப்படிப் போடுவது என்று எழுதுகிறேன். உன் கையாலேயே போட்டுக்கொள்.

ஒரே வார்த்தையாக வைக்காதே. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு வார்த்தைகளைச் சேர்த்து எழுது. நடுவில் ஒரு எண். சாமி பெயர், ஊர் பெயர், வீட்டு ஆள் பெயர் எதுவும் வேண்டாம். ரிசப்ஷன் பலகையில் எழுதி வைக்காதே. வேலையை விட்டு யார் போனாலும், அவர் உறவுக்காரராகவே இருந்தாலும், அன்றைக்கே மாற்று.

ரகசியக் கேள்வி மறுபடியும் கேட்கும். அதற்கு உண்மையான பதில் எழுதாதே. பொய் எழுது. யாருக்கும் சந்தேகம் வராத, நீயே நம்புகிற மாதிரியான ஒரு பொய். அதை மறக்காமல் வைத்துக்கொள். முதலில் உன்னால் முடியாது என்று நினைத்துத்தான் இதைச் சொல்லித் தராமல் இருந்தேன்.

போட்டு முடித்ததும் யாரிடமும் சொல்லாதே. மாமாவிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

என்னிடம் சொல்லாதே.

மாறன்